திருகோணமலை வெயிலுக்குத் தண்ணீர்த் தாங்கி: நிறத்துக்கு முன் நிறையைப் பாருங்கள்

ஹாட்வெயார் கடையில் போய்த் தாங்கி கேட்டால் முதல் கேள்வி "எத்தனை லீற்றர்?" அடுத்தது "கறுப்பா, நீலமா?" அதற்குப் பிறகு சுவரில் இரண்டு படை, மூன்று படை, நான்கு படை என்று விலை ஏறிக்கொண்டே போகும். தாங்கியின் நிறை எத்தனை கிலோ என்று கடைக்காரரும் சொல்லமாட்டார், வாங்குபவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

பிளாஸ்டிக் தாங்கி செய்யும் முறையிலேயே காரணம் இருக்கிறது. பொலிஎதிலீன் தூளை ஒரு பெரிய இரும்பு அச்சுக்குள் கொட்டி, அச்சைச் சூடாக்கிக்கொண்டே எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். தூள் உருகி உட்சுவரில் ஒட்டித் தாங்கியாகும். எவ்வளவு தூள் போட்டார்களோ அவ்வளவுதான் சுவரின் தடிப்பு. விலையைக் குறைக்க லேசான வழி தூளைக் குறைப்பது. ஒரே 1000 லீற்றர், ஒரே உயரம், ஒரே பளபளப்பு, ஆனால் ஒன்று மற்றதைவிட 5 - 6 கிலோ குறைவென்றால் அந்த 5 கிலோவும் சுவரிலிருந்துதான் போயிருக்கிறது. எத்தனை படை என்பது இதற்கு அடுத்த பேச்சு. மெல்லிய சுவரை நான்காகப் பிரித்தாலும் மெல்லிய சுவர்தான்.

கடையில் தராசு இல்லாவிட்டாலும் பார்க்கச் சில வழி உண்டு. மூடியைத் திறந்து ஃபோன் ரோர்ச்சை உள்ளே விட்டு, வெளியே நிழலில் நின்று சுவரைப் பாருங்கள். வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்த இடங்களில் தடிப்பு சீராக இல்லை. கறுப்புத் தாங்கியில் இது தெரியாது. அதற்குக் கைதான் கருவி. சுவரின் நடுப்பகுதியையும், அடியும் சுவரும் சேரும் வளைவையும் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். அந்த வளைவு உள்ளே போய் வந்தால் அந்தத் தாங்கி வேண்டாம், முதலில் வெடிப்பது அங்கேதான். இன்னொரு சாட்சி, பைப் போடத் துளைக்கும்போது விழும் வட்டத் துண்டு. பிளம்பர் எறிந்துவிடுவார், எடுத்து வையுங்கள். 1000 லீற்றர் தாங்கிக்கு 4 - 5 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் நல்லது. படைகள் உண்மையில் எத்தனை, அவை ஒட்டியிருக்கின்றனவா என்பதும் அந்தத் துண்டின் விளிம்பிலேயே தெரியும்.

நிறம், வெயில், சூடு

பொலிஎதிலீனின் எதிரி வெப்பத்தைவிடப் புற ஊதாக் கதிர்தான். நேர் வெயிலில் பல வருடம் நின்ற தாங்கியைக் கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரித் தூள் ஒட்டும். பிறகு மயிர்க்கோடு போல வெடிப்பு, கடைசியில் ஒரு தட்டுத் தட்டினால் துண்டாகும். இதைத் தடுக்கப் பிளாஸ்டிக்குக்குள் இரண்டு வகைச் சேர்மானம் போடுவார்கள். ஒன்று கார்பன் பிளாக் என்ற கரித்தூள். அது 2 முதல் 2.5 வீதம் சேர்ந்தால் மிக நல்ல பாதுகாப்பு. கறுப்புத் தாங்கி நீண்ட காலம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். மற்றது நிறமில்லாத இரசாயன நிலைப்படுத்தி, நீலம், வெள்ளை, பச்சைத் தாங்கிகளுக்குப் போடுவது. போட்டிருந்தால் அவையும் உழைக்கும். ஆனால் போட்டிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரையும் எழுத்தில் உள்ள உத்தரவாதமும் அந்த இடத்தில்தான் உதவும். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தை வாங்க முன் வாசியுங்கள். அடித்தளம் முழுமையாக இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

உள்படை வெள்ளையாக இருப்பது நல்லது. சேறு படிந்திருப்பது மூடியைத் திறந்ததும் தெரியும். ஆனால் வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. வந்தால் பாசி பிடிக்கும், ஊரிலுள்ள பழைய ஒற்றைப்படை வெள்ளை, நீலத் தாங்கிகள் பலவற்றின் உள்பக்கம் பச்சையாக இருப்பது அதனால். ஒரு படையாவது கறுப்பாக இருக்கும் தாங்கியில் இந்தப் பிரச்சினை இல்லை.

"கறுப்புத் தாங்கி தண்ணியைக் கொதிக்க வைக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் பார்த்தால் பாதிதான் உண்மை. 1000 லீற்றர் தண்ணீரை 1 பாகை செல்சியஸ் சூடாக்க 1.16 யுனிற் (கிலோவாட் மணி) சக்தி வேண்டும். ஒரு முழு வெயில் நாளில் 6 முதல் 8 யுனிற் தண்ணீருக்குள் இறங்கினாலும் ஏறுவது 5 - 7 பாகைதான். கிணற்றிலிருந்து 28 பாகையில் ஏற்றிய தண்ணீர் பின்னேரம் 33 - 35க்கு வரும், கொதிக்காது. பிறகு ஏன் மத்தியானம் பைப்பைத் திறந்தால் கை சுடுகிறது? வெயிலில் கிடக்கும் பைப்தான் காரணம். முக்கால் அங்குலப் பைப்பின் ஒரு மீற்றருக்குள் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் தண்ணீர் நிற்கும். சிலாப்பின் மேல் 10 மீற்றர் ஓடினால் 3 லீற்றர். அந்தக் கொஞ்சத் தண்ணீர் அரை மணித்தியாலத்தில் சூடாகிவிடும். சோதிக்க ஒரு வாளி போதும். முதல் 3 - 4 லீற்றர் சுட்டு, பிறகு சூடு தணிந்தால் குற்றம் பைப்பில். வாளி நிறைந்த பிறகும் அதே சூடென்றால் தாங்கியில். பைப் என்றால் சுவருக்குள் புதையுங்கள், அல்லது பைப்புக்குப் போடும் நுரைக்குழாயைச் சுற்றி மேலே வெயில் படாமல் மூடுங்கள். தாங்கி என்றால் நிழல் வேண்டும்.

நிழலுக்கு மிக மலிவானது நாலு கம்பமும் கிடுகும், அல்லது பச்சை நிழல் வலை. தகரம் போடுவதென்றால் தாங்கிக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு அடியாவது காற்றோட்டம் விடுங்கள், மூடியைத் திறந்து கையை விடவும் அந்த இடம் வேண்டும். மேற்குப் பக்கத்தை மட்டும் மறைத்தாலும் நல்ல பலன், பின்னேர வெயில்தான் உள்ளதில் மோசம். தாங்கிக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். பொலிஎதிலீனில் சாதாரணப் பெயின்ற் பிடிக்காது, அடுத்த மாரிக்குள் உரிந்து கூரைப் பீலிக்குள் போய்ச் சேரும்.

தண்ணீரை விடிய ஏற்றுவதும் ஒரு உபாயம். நிறைந்த தாங்கி மெதுவாகச் சூடாகும், அரைவாசி தாங்கி கெதியாகச் சூடாகும். காலையில் குளித்து முடித்து மத்தியானம் மோட்டர் போடுகிற வீட்டில் தாங்கி பத்து மணி வெயிலில் காலியாக நிற்கிறது. அதே காரணத்தால் 500 லீற்றர் தாங்கி 1000 லீற்றர் தாங்கியைவிடக் கூடுதலாகச் சூடேறும். தண்ணீர் பாதியாகிறது, வெயில் படும் பரப்பு பாதியாவதில்லை.

அளவு, உருக்கு, கொங்கிறீற்

அளவில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 - 150 லீற்றர் என்று பிடித்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 600 - 750. கிணறும் மோட்டரும் உள்ள வீட்டுக்கு 1000 லீற்றர் தாராளம். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் நீர்வழங்கல் சபைத் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இரண்டு நாள் கணக்கில் 1500, 2000 வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் தண்ணீர் பழசாகும். சூட்டில் குளோரின் கெதியாகப் பறந்துபோகும், மூன்று நாள் தேங்கிய தண்ணீரில் மிச்சம் இருக்காது. 2000 தேவை என்றால் ஒரு பெரியதை விட இரண்டு 1000 நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றது வேலை செய்யும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வேண்டும்.

சபைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே தாங்கியில் கலக்காதீர்கள். சமையலுக்கு ஒன்று, குளியலுக்கும் கக்கூசுக்கும் ஒன்று.

துருப்பிடியா உருக்குத் தாங்கி பார்க்க அழகு, வெயிலுக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கரையில் அதற்குப் பகை உப்பு. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 304 தரம். கடற்காற்றில் 304 முதலில் தேயிலைக் கறை மாதிரிப் பழுப்பு பிடிக்கும், பிறகு ஒட்டுப் போட்ட வரியில் ஊசித் துளை விழும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் கிணறுகளில் கோடை முற்றும்போது தண்ணீர் உவர்க்கிறது, அந்தத் தண்ணீரை உள்ளே விட்டால் வேலை இன்னும் கெதியாக முடியும். 316 தரம் தாங்கும், ஆனால் அந்தக் காசில் இரண்டு நல்ல பிளாஸ்டிக் தாங்கி வாங்கலாம். தம்பலகாமம், கந்தளாய் போல உள்ளே தள்ளிய ஊருக்கு 304 போதும், கிணற்றில் உவர் இல்லாவிட்டால்.

கொங்கிறீற் தாங்கி தண்ணீரைக் குளிர்மையாக வைக்கும். அதில் எல்லாம் மேசனின் கையில். சிமெந்து, மணல், கல் 1:1½:3 என்ற கலவை, உள்ளே நீர்புகாச் சாந்து, கம்பிக்கு மேல் 2 அங்குலம் கொங்கிறீற் மூடல், குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்தல் ஆகிய நான்கும் இருந்தால் தலைமுறைக்கு நிற்கும். மணலில்தான் ஏமாறுவது. மகாவலி ஆற்று மணல் என்று வந்தாலும், கொட்டியாரக்குடாவுக்குக் கிட்டக் கழிமுகத்தில் அள்ளியதென்றால் உப்பிருக்கும். ஒரு பிடியைக் கொஞ்சத் தண்ணீரில் கலக்கி நுனிநாக்கில் வைத்தால் தெரியும். உப்பு மணல் போட்டால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடித்து, பருத்து, கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும்.

நிலத்துக்குக் கீழே வைக்கிற யோசனை இருந்தால் ஒரு எச்சரிக்கை. மேலே வைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் தாங்கியைப் புதைக்கக் கூடாது. மண்ணின் பக்க அழுத்தத்துக்கு அந்தச் சுவர் செய்யப்படவில்லை. மாரியில் மணல் வளவுகளில் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும்போது, காலியாக உள்ள 1000 லீற்றர் தாங்கியை ஏறக்குறைய ஒரு தொன் விசை மேலே தள்ளும். சிமெந்துத் தரையையும் சேர்த்துக்கொண்டு மிதந்து வரும்.

அடித்தளம்

தாங்கியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்று நினைக்கிறேன், வெயிலைவிடவும். 1000 லீற்றர் நிறைந்தால் ஒரு தொன்னுக்கு மேல். அது ஏறத்தாழ ஒரு சதுர மீற்றருக்குள் நிற்கிறது. பொலிஎதிலீன் சூட்டில் இளகும். கீழே எங்கேயாவது இடைவெளி இருந்தால் தாங்கியின் அடி மெதுவாக அதற்குள் தொங்கும். நாலு மரக்குற்றி, இரண்டு தண்டவாளத் துண்டு, அங்கிள் இரும்புச் சட்டம், அடுக்கிய பிளொக்கல் எல்லாம் இந்த வகைக் குற்றவாளிகள். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு இரும்பின் விளிம்பு படும் கோட்டில் அடி வெடிக்கும், ஆக்கள் "வெயிலுக்கு வெடிச்சிட்டுது" என்பார்கள்.

அடி முழுவதும் தட்டையாக, மட்டமாக உட்கார வேண்டும். தாங்கியின் வட்டத்தை விட எல்லாப் பக்கமும் 3 - 4 அங்குலம் கூடுதலாகத் தளம் இருக்கட்டும். மேற்பரப்பைச் சாந்து பூசி அழுத்தமாக்கி, நீர்மட்டம் பிடித்து, ஒரு சல்லிக்கல் கூட இல்லாமல் கூட்டி, பிறகு வையுங்கள். இரும்புக் கோபுரம்தான் வசதி என்றால் அதன் மேல் இடைவெளி இல்லாத தட்டு போட வேண்டும், பலகைகளுக்கிடையே விரல் போகிற அளவு நீக்கல்கூட ஆகாது. கடற்கரையோரம் அந்தக் கோபுரத்தின் கால்தட்டையும் ஒட்டுப் போட்ட இடங்களையும் வருடம் ஒருமுறை சுரண்டிப் பார்த்துத் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள்.

வீட்டுச் சிலாப்பின் மேல் வைப்பதென்றால் நடுவில் வேண்டாம். தூணும் பீமும் சேரும் மூலைக்குக் கிட்ட, அல்லது கீழே சுவர் உள்ள இடத்தில் வையுங்கள். ஷவர் தலையிலிருந்து தாங்கியின் அடி 6 அடியாவது உயர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஒழுங்காக வரும். ஒவ்வொரு 10 அடிக்கும் கிடைப்பது 0.3 பார் அழுத்தம் மட்டுமே, அதுவும் பைப் வளைவுகளில் கொஞ்சம் போகும். தனிக் கோபுரம் 10 அடிக்கு மேல் போனால் ரி.ஓ. (தொழினுட்ப உத்தியோகத்தர்) ஒருவரிடம் கம்பிக் கணக்கைக் கேளுங்கள். மணல் நிலத்தில் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் தாங்கி, தூண் எல்லாம் சாயும்.

துளையும் பைப்பும்

துளை போட வட்டவாள் பூட்டிய டிரில் வேண்டும். சூட்டுக்கம்பியால் துளைக்க விடாதீர்கள். துளை நீள்வட்டமாகும், விளிம்பு தடித்துப் போகும், வோஷர் ஒருநாளும் ஒழுங்காக உட்காராது. சுவரில் பைப்பைப் பூட்டும் கனெக்டருக்கென்று தட்டையாக விட்ட இடத்தில் மட்டும் துளையுங்கள். றப்பர் வோஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கையால் இறுக்கி, பிறகு சாவியால் அரைச் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் றப்பர் பிதுங்கிச் சுவர் வளையும், மூன்று மாதத்தில் ஒழுகும். சிலிக்கன், பிவிசி கம், எபொக்சி எதுவும் பொலிஎதிலீனில் ஒட்டாது. பூசினால் இரண்டு கிழமைக்கு நிற்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வெடித்த தாங்கியைச் சரிப்படுத்த ஒரே வழி அதே பிளாஸ்டிக் கம்பியை வைத்துச் சூட்டுக் காற்றால் ஒட்டுவது, அதுவும் வெயிலில் தூளாகிப்போன தாங்கிக்குப் பயன்படாது.

வெளிவாயை அடியிலிருந்து 2 அங்குலம் மேலே வையுங்கள், சேறு கீழே நிற்கட்டும். சேற்றை வெளியேற்ற அடியில் தனியாக ஒரு வோஷ் அவுட்டும் அதற்கு மூடியும். நிரம்பி வழியும் பைப் உள்வரும் பைப்பை விடப் பெரிது: முக்கால் அங்குலத்தில் தண்ணீர் ஏறினால் வழிய ஒன்றேகால். மிதவை வால்வு பழுதான அன்று இதன் அருமை விளங்கும்.

பலர் கவனிக்காதது பைப்பின் அசைவு. வெயிலில் கிடக்கும் 10 மீற்றர் பிவிசி பைப் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 20 பாகை சூடேறினால் 14 மில்லிமீற்றர் நீளும். தாங்கியின் சுவரும் 3 - 4 மில்லிமீற்றர் விரியும். இரண்டும் நேர்கோட்டில் விறைப்பாகப் பூட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் கனெக்டரை முன்னும் பின்னும் நெம்பும், ஒரு கோடைக்குள் துளையைச் சுற்றி வெடிப்புக் கோடு வரும். தாங்கியிலிருந்து வந்ததும் இரண்டு எல்போ போட்டு ஒரு வளைவு விடுங்கள், அல்லது ஓரடி வளையும் ஹோஸ் பூட்டுங்கள். பித்தளைக் கேற் வால்வும் தண்ணீர் நிறைந்த பைப்பும் சுவரில் தொங்கக் கூடாது, ஓரடிக்குள் கிளிப் அடித்துத் தளத்தோடு பிடியுங்கள். கழற்றிப் பூட்டக்கூடிய யூனியன் இணைப்பு ஒன்றும் போட்டால் பிறகு கழற்ற வாள் தேடத் தேவையில்லை.

காற்று, குரங்கு, நுளம்பு

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தூசி உள்ளே போகும், அது சேறாக அடியில் தங்கும். பெரிய சேதம் மாரியில்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று 1000 லீற்றர் தாங்கியை ஏறக்குறைய 50 கிலோ விசையோடு தள்ளும். வெறுந் தாங்கியின் நிறையோ 20 - 30 கிலோ. கணக்கு நேரடியானது: வெறுந் தாங்கி பறக்கும், கால்வாசி தண்ணீர் நின்றாலே பறக்காது. புயல் அறிவித்தல் வந்தால் கரண்ட் போக முன் மோட்டரைப் போட்டு நிரப்புங்கள். குடிக்கவும் தண்ணீர் இருக்கும். நிரந்தரமாகக் கட்டுவதென்றால் மேலே உள்ள காதுகளில் நைலோன் பட்டியைப் போட்டுத் தளத்தின் கொக்கிகளோடு கட்டி, இரண்டு விரல் போகிற தளர்வு விடுங்கள். கம்பியால் சுற்றி முறுக்கினால் தாங்கி விரியும்போது கம்பி சுவரை வெட்டும்.

டவுனில் திரியும் மான்கள் மாடிக்கு வராது, குரங்குகள் வரும். உவர்மலையிலும் கோணேசர் கோயில் பக்கத்திலும் வெறுமனே அமத்தி வைக்கும் மூடி ஒரு நாளைக்குத் தாங்காது. திருகுமூடி உள்ள தாங்கியை வாங்குங்கள், அதிலும் பூட்டுத் துளை இருந்தால் நைலோன் கயிறு போட்டு முடிச்சு. மூடி போன தாங்கி வெயிலையும் காகத்தையும் நுளம்பையும் ஒன்றாக உள்ளே விடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வழியும் பைப்பின் வாய்க்கும் காற்றுத் துளைக்கும் நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு பிளாஸ்டிக் பட்டியால் கட்டுங்கள். இரும்பு வலை உப்புக் காற்றில் ஒரு வருடம் நிற்காது.

கழுவும்போது வெள்ளைப் பிளீச் திரவம், 5 வீதச் செறிவானது, 1000 லீற்றர் தண்ணீருக்கு 1 லீற்றர். அல்லது 30 வீதக் குளோரின் தூள் 165 கிராம் அளவில், முதலில் ஒரு வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அதற்கு முன் சேற்றை வோஷ் அவுட்டால் வெளியேற்றி, சுவரைத் துணியால் தேயுங்கள். கம்பிப் புறுசு வேண்டாம், கீறலில்தான் பாசி பிடிக்கும். நாலு மணித்தியாலம் நிற்க விட்டு, எல்லாப் பைப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து குளோரின் மணம் வரும்வரை ஓட விடுங்கள், அந்த நேரம் யாரும் குடிக்கக் கூடாது. பிறகு வெறுமையாக்கி, ஒருமுறை அலசி, நிரப்பலாம். பெரிய தாங்கிக்குள் இறங்க வேண்டியிருந்தால் மூடியருகே இன்னொருவர் நிற்காமல் இறங்காதீர்கள், கிளீனிங் அசிட்டையும் பிளீச்சையும் ஒரே நாளில் உள்ளே எடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு. வருடம் இரண்டு முறை போதும்: மாரி தொடங்க முன் செப்டெம்பரில் ஒன்று, கச்சான் தொடங்க முன் ஏப்ரலில் ஒன்று. அந்த இரண்டு நாளும் மூடியின் வளையத்தையும் கனெக்டரைச் சுற்றியுள்ள சுவரையும் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். நகத்தில் வெள்ளைத் தூள் வந்தால் அடுத்த தாங்கிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.